மேல்பட்டி இல்லாத தொட்டி

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் பாதிப் பேர் என்னைப் பார்ப்பதற்கு முன்பே ‘சண்டைக்கார அக்கா’ என்று என்னைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மறுக்க மாட்டேன். வாளியும் ஓஸ் பைப்புமாக ஸ்கூட்டியில் மதுரை முழுக்கச் சுற்றி மீன்தொட்டி சர்வீஸ் பார்த்த காலத்தில் நிறையச் சண்டை போட்டிருக்கிறேன். பல சண்டைகள் எதற்காக என்பதே இப்போது மறந்துவிட்டது. ஒன்று மட்டும் மறக்கவில்லை. முழங்கால் ஒத்துழைக்கவில்லை என்று வேலையை விட்டேன். அந்த ஆத்திரத்தை மட்டும் விட முடியவில்லை.

தண்ணீர் மாற்றுவதும் ஃபில்டர் கழுவுவதும் உங்களுக்குத் தானாகக் கைவந்துவிடும். மீனுக்கு என்ன நோய் என்பதை நீங்கள் போனில் படம் பார்த்தே கண்டுபிடித்துவிடுகிறீர்கள். எங்களுக்கு அந்த வசதி இருக்கவில்லை. ஆனால் ஒரு தொட்டியின் முன்னால் நின்றுகொண்டு, கடைக்காரர் ஒரு பக்கம் அவசரப்படுத்த, நம் தொழில்காரரே இன்னொரு பக்கம் “பேசாம இருங்கக்கா” என்று சொல்ல, அந்த நேரத்தில் என்ன செய்வது என்று எந்தப் போனும் சொல்லாது. அதனால் இதைச் சொல்கிறேன்.

காளவாசல் தாண்டி பைபாஸ் ரோட்டில் ஒருவர் புதிதாக ஹோட்டல் திறக்க இருந்தார். பெயர் அழகர்சாமி. ஊரில் எல்லோருக்கும் அவர் மாஸ்டர். வாலிப வயதிலிருந்து அடுத்தவர் கடைக் கல்லில் பரோட்டா போட்டவர். அவருடைய அப்பாவும் அம்மாவும் சோழவந்தான் பக்கம் யார் யார் வயலிலோ நாற்று நட்டுக் கூலி வாங்கியவர்கள். இவர் தலையெடுத்துத்தான் குடும்பத்தில் முதன்முதலாகச் சொந்தப் பெயரில் ஒரு போர்டு ஏறியது. குடும்பத்தோடு வருகிறவர்களுக்குத் தனியாக ஏசி ஹால் போட்டு, அதன் நடுவில் தடுப்புச் சுவர் போல அஞ்சடி நீளத்துக்கு ஒரு மீன்தொட்டியை வைத்திருந்தார். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கண்ணாடியை ஒட்டியே சாப்பாட்டு மேஜைகள். பிள்ளைகள் மீனைப் பார்த்துக்கொண்டே சாப்பிடும் என்பது அவருடைய யோசனை. நல்ல யோசனைதான்.

தொட்டி பழையது. சிம்மக்கல் பக்கம் மீன் சாமான் கடை வைத்திருந்த ஒருவரிடம் வாங்கியது. அந்தக் கடைக்காரரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்தவர். எனக்கும் நல்ல பழக்கம்தான்.

கடை திறப்புக்கு முதல் நாள் காலையில் மாஸ்டர் போன் செய்தார். போனேன்.

“அக்கா, ஃபில்டர் கொரகொரன்னு சத்தம் போடுது. தண்ணியும் இழுக்கல. நாளைக்குத் திறப்பு. எப்படியாச்சும் ஓட விட்டுருங்க” என்றார்.

திறந்து பார்த்தேன். உள்ளே தண்ணீரைத் தள்ளுகிற சின்ன விசிறி, இம்பெல்லர் என்பீர்களே, அதில் ஒரு இறகு முறிந்திருந்தது. மூடிக்கு அடியில் இருக்கும் ரப்பர் வளையம் தட்டையாகி வெடித்திருந்தது. இரண்டும் தேடினால் கிடைக்கும் சாமான்தான். சரி என்று எழுந்திருக்கும்போது, பிடிமானத்துக்காக முன்கண்ணாடியில் கையை ஊன்றினேன். கண்ணாடி நேராக இல்லை. கர்ப்பிணியின் வயிறு மாதிரி நடுவில் புடைத்துக்கொண்டு நின்றது. தச்சு வேலையில் மிஞ்சிய அலுமினியச் சட்டம் ஒன்று ஓரமாகக் கிடந்தது. அதை எடுத்துக் கண்ணாடியின் மேல் கிடைமட்டமாக வைத்தேன். நடுவில் மட்டும் தொட்டது. இரண்டு முனைகளும் அந்தரத்தில் நின்றன.

ஸ்டூல் போட்டு ஏறி மேல்மூடியைத் தூக்கினேன். பெரிய தொட்டிகளுக்கு மேலே முன்கண்ணாடியையும் பின்கண்ணாடியையும் இழுத்துப் பிடிக்கிற மாதிரி குறுக்கே கனத்த கண்ணாடிப் பட்டிகள் ஒட்டியிருக்கும். மேல்பட்டி என்போம். பார்த்தால் ஒன்றுமில்லாத துண்டு. ஆனால் தண்ணீர் கண்ணாடியை வெளியே தள்ளும்போது ‘போகாதே’ என்று பிடித்துக்கொள்வது அதுதான். இந்தத் தொட்டியில் அது இருக்க வேண்டிய இடங்களில் பிளேடு வைத்துச் சுரண்டிய தடம்தான் இருந்தது. வழவழவென்று, பொறுமையாக உட்கார்ந்து செய்த வேலை.

உள்ளே நிற்கும் தண்ணீர் பெரிய அரிசி மூட்டை ஏழெட்டின் பாரம். மேஜை இரண்டு பக்கமும் கண்ணாடியை ஒட்டி. பிள்ளைகள் உட்காரும் இடம்.

“மாஸ்டர், தண்ணிய இப்பவே பாதியாக் குறைக்கணும். மேல்பட்டி இல்ல. கண்ணாடி வெளிய தள்ளுது” என்றேன்.

அவர் முகம் மாறியது. “வாங்கும்போது இப்படித்தாங்க்கா இருந்துச்சு. நாலு நாளாத் தண்ணி நிக்குதுல்ல?”

“நிக்கும். என்னைக்கு விடும்னு யாருக்கும் தெரியாது. பழைய தொட்டி…”

பழைய என்ற வார்த்தையை நான் சொல்லியிருக்கவே கூடாதோ என்னவோ. மனுஷன் சுர்ரென்று நிமிர்ந்தார்.

“புதுசு வாங்க வக்கில்லாதவன்னு சொல்ல வாரீங்களா? ஆமா, பழசுதான். இங்க இருக்கிற கல்லு பழசு. கிரைண்டர் பழசு. சேரு பாதி பழசு. உழைச்ச காசுல வாங்குன பழசு. அதுக்காகப் பாதித் தொட்டிய வச்சுக் கடை திறக்கவா? நாளைக்கு யாரு வாராருன்னு தெரியுமா உங்களுக்கு?”

தெரியாது என்றேன். சொன்னார். அவர் நெடுங்காலம் வேலை பார்த்த ஹோட்டலின் முதலாளி வருகிறாராம். வேலையை விட்டுச் சொந்தக் கடை வைக்கப் போகிறேன் என்று சொன்ன அன்று, கல்லாவில் உட்கார்ந்தபடியே நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “உனக்கெல்லாம் எதுக்குடா கடை” என்று கேட்டவர். அந்த ஆள் வந்து ஏசி ஹாலில் உட்கார்ந்து, இந்தத் தொட்டியைப் பார்த்துக்கொண்டே இலையில் கை வைக்க வேண்டும். அதுதான் மாஸ்டரின் ஆசை. அந்த ஆசையில் என்ன தப்பு? எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. கோபம் எல்லாம் வேறு பக்கம் போய்க்கொண்டிருந்தது.

அடுப்படியிலிருந்து அவர் மனைவி முத்துலட்சுமி ஈரக்கையோடு வந்து நின்றார். “அக்கா சொல்றத என்னன்னு கேளுங்களேன். பிள்ளைக உக்காரப் போற எடம்” என்றார். அவர் சொன்ன பிறகுதான் மாஸ்டர் கொஞ்சம் இறங்கினார்.

“சரி. பட்டிய இன்னைக்கே ஒட்டிருங்க. நாளைக்கு நிரப்பிக்கிறுவோம்.”

“இன்னைக்கே ஒட்டுறேன். ஆனா நிரப்புறது அடுத்த வாரந்தான். சிலிகான் காயாமத் தண்ணி ஏத்துனா ஒட்டுனதுக்கு அர்த்தமே இல்ல. அதுவரைக்கும் பாதித் தண்ணி போதும். மீனுக்கு ஒண்ணும் ஆகாது. மேல நாலு செடித் தொட்டி வச்சு அழகு பண்ணித் தாரேன்.”

அவர் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலை நான் நம்பினேன்.

தண்ணீரைப் பாதியாக இறக்கினேன். இதை மனதில் வையுங்கள்: தண்ணீரின் உயரம் பாதியானால் கண்ணாடிமேல் தள்ளும் பாரம் பாதி ஆவதில்லை, கால்வாசி ஆகிவிடும். அதனால் சந்தேகம் வந்தால் மீனைப் பிடிக்க ஓடாதீர்கள், ஆளைக் கூப்பிட ஓடாதீர்கள். முதலில் தண்ணீரைக் குறையுங்கள். மற்ற பேச்சு எல்லாம் அப்புறம்.

குறைத்துவிட்டு வாசலுக்கு வந்து, தொட்டி விற்றவருக்குப் போன் போட்டேன்.

“அண்ணே, மாஸ்டர் கடைக்குக் குடுத்த அஞ்சடித் தொட்டியில மேல்பட்டி எங்க?”

“அதுவாக்கா? வண்டியில இருந்து இறக்கும்போது உடஞ்சுருச்சு. மிச்சம் ஒட்டிக்கிட்டு அசிங்கமாத் தெரிஞ்சுச்சு. சுரண்டி விட்டுட்டேன்.”

“புதுப் பட்டி ஒட்டிக் குடுக்கணும்ல?”

“அம்புட்டுக் கனத்துல யாருக்கா துண்டு அறுத்துக் குடுக்கிறா? தண்ணி ஊத்திப் பாத்தேன், நின்னுச்சு. பெறகென்ன? பழசுன்னு தெரிஞ்சுதான வாங்குனாரு.”

தெரியாமல் செய்தவனாக இருந்தால் எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது. உடைந்தது தெரியும். அது எதற்காக இருக்கிறது என்றும் தெரியும். தெரிந்துகொண்டே அந்த இடத்தைச் சுரண்டி வழவழப்பாக்கி, அங்கே ஒன்று இருந்த அடையாளமே தெரியாமல் ஆக்கி அனுப்பியிருக்கிறார். கேட்டால், பழசு வாங்கினவன்தானே என்கிறார். பழைய பொருள் வாங்குகிறவனுக்குப் பிள்ளை குட்டி இல்லையா? அவன் கடைக்கு வருகிற பிள்ளைக்குக் கண்ணாடி கிழிக்காதா?

அந்தச் சூட்டோடு சாமான் தேடக் கிளம்பினேன். முதலில் ஃபில்டர் கம்பெனிச் சாமான் விற்கிற கடை. பரிசோதித்துப் பார்த்த மாதிரி இம்பெல்லரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இந்த மாடல் இப்ப வர்றதில்லக்கா. தனியாவும் தர மாட்டாங்க. செட்டாத்தான் வாங்கணும்” என்றார். விரல் நுனி அளவு ஒரு விசிறிக்காக முழு ஃபில்டரையும் தூக்கிப் போடு என்கிறார்கள். அந்த ரப்பர் வளையமும் அப்படித்தான்: செட். எல்லாவற்றுக்கும் செட். முறிந்த ஒன்றை மட்டும் மாற்றக் கூடாது என்று எங்கே சட்டம் போட்டார்கள் என்று கேட்டேன். “நான் என்னக்கா பண்ணட்டும், கம்பெனி அப்படி” என்றார். எந்தக் கடையில் கேட்டாலும் இந்தக் கம்பெனிதான் குற்றவாளி. அது எந்த ஊரில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

சிம்மக்கல்லில் பழைய மோட்டார் சாமான் குவித்து வைத்திருக்கும் ஒரு கடையில் அதே மாடல் ஃபில்டர் ஒன்று கிடந்தது. மோட்டார் எரிந்து போனது. இம்பெல்லர் மட்டும் முழுசாக இருந்தது. வளையத்துக்குப் போர் மோட்டார் கடைக்குப் போய், பழைய வளையத்தை மேஜையில் வைத்து, ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்து ஒன்றைப் பிடித்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது. உங்களிடம் யாராவது ‘செட்டாத்தான் கிடைக்கும்’ என்றால், அந்தக் கடையில் கிடைக்காது என்று மட்டும் புரிந்துகொள்ளுங்கள்.

கண்ணாடிதான் படுத்திவிட்டது. முதல் கடையில், பட்டிக்காக முழுக் கண்ணாடியை அறுத்துக் கெடுக்க முடியாது என்றார்கள். அது அவர்கள் நியாயம். இரண்டாவது கடைக்காரர் எனக்குப் பல வருடப் பழக்கம். ஜன்னலுக்குப் போடும் மெல்லிசுக் கண்ணாடியை எடுத்து வைத்தார்.

“இத ஒட்டி விடுங்கக்கா. மேல மூடி வருதுல்ல? யாருக்குத் தெரியப் போகுது?”

“அது முறிஞ்சா?”

“முறிஞ்சாப் பழைய தொட்டின்னு சொல்லிட்டுப் போறது.”

பாருங்கள், இவரும் அதே வார்த்தையைத்தான் சொன்னார். தொட்டி விற்றவரும் கண்ணாடிக் கடைக்காரரும் பேசி வைத்துக்கொண்ட மாதிரி ஒரே சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறார்கள். கண்ணாடியை அவர் மேஜையிலேயே தள்ளிவிட்டு வெளியே வந்தேன்.

கடைசியில் செல்லூரில் கிடைத்தது. தறிச் சத்தத்தில் பக்கத்தில் பேசுவதே கேட்காத ஒரு சந்தில், பழைய சாமான் வாங்கி விற்கும் கொட்டகை. மூடிப்போன ஒரு பேக்கரியின் கண்ணாடி அலமாரியைப் பிரித்துச் சாத்தி வைத்திருந்தார்கள். கேக் தட்டுகளைத் தாங்கிய தட்டுக் கண்ணாடி. நல்ல கனம். ஓரத்தில் ஒரு பிசிறுகூட இல்லை. அங்கேயே பக்கத்துப் பட்டறையில் பட்டிகளாக அறுத்து, ஓரம் மழுக்கி வாங்கினேன். அதைத் துணியில் சுற்றி ஸ்கூட்டியில் கால்மாட்டில் வைத்துக்கொண்டு பாலம் ஏறும்போது, கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

சாயங்காலத்துக்குள் வேலையை முடித்தேன். பழைய சிலிகான் ஒரு பொட்டு இல்லாமல் சுரண்டி, துடைத்து, பட்டிகளை ஒட்டி, கிளிப் போட்டு இறுக்கினேன். ஃபில்டர் சத்தமில்லாமல் ஓடியது. மாஸ்டரிடமும் முத்துலட்சுமியிடமும் தனித்தனியாகச் சொன்னேன்: நான் வந்து சொல்லுகிறவரை ஒரு சொம்புத் தண்ணீர்கூட ஊற்றக் கூடாது. மாஸ்டர் பாதித் தொட்டியைப் பார்த்தபடியே, “அரைத் தொட்டி” என்றார்.

மறுநாள் மத்தியானம். சாப்பாட்டில் உட்காரப் போகும்போது முத்துலட்சுமி போன் செய்தார். பின்னால் ஒரே ஆள் சத்தம்.

“அக்கா, இவரு தண்ணிய நிரப்பிட்டாரு. காலையிலேயே நிரப்பிட்டாரு, எனக்கே இப்பத்தான் தெரியும். சொன்னா அடிக்க வாராரு. ஹால் நெறஞ்சு போச்சுக்கா. சீக்கிரம் வாங்க.”

“அந்த மேஜையில யாரு உக்காந்திருக்கா?”

“எல்லாம் பிள்ளைகளோட வந்தவுகதான்.”

சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினேன். காளவாசல் சிக்னலில் சிவப்பு மாறும்வரை ஹார்னை அடித்துக்கொண்டே நின்றேன்.

ஹாலுக்குள் நுழைந்ததும் தொட்டிப் பக்கம்தான் பார்த்தேன். தண்ணீர் கழுத்து வரைக்கும் நின்றது. பல்பு வெளிச்சத்தில் மீன்கள் ஜொலித்துக்கொண்டிருந்தன. அழகாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. இந்தப் பக்க மேஜையில் ஒரு சின்னப் பெண்குழந்தை நாற்காலிமேல் மண்டியிட்டு, நெற்றியைக் கண்ணாடியில் அழுத்தி வைத்துக்கொண்டு மீனோடு பேசிக்கொண்டிருந்தது. மூடியைத் தூக்கிப் பார்த்தேன். நான் ஒட்டிய பட்டியின் ஓரத்தில், காயாத சிலிகான் சவ்வு மிட்டாய் மாதிரி இழுபட்டு நூல் நூலாக நின்றது. கண்ணாடி தள்ளிக்கொண்டே இருக்கிறது. பட்டி விட்டுக்கொண்டே இருக்கிறது.

இந்த இடத்தில் நான் கத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசியுங்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து, நாற்காலியைத் தள்ளி, யாராவது ஒருவர் அந்தக் கண்ணாடிமேலேயே சாய்ந்திருப்பார். கத்தவில்லை. முதலில் சுவரில் இருந்த பிளக்கைப் பிடுங்கினேன். தண்ணீரும் கரண்டும் சேர்ந்து வெளியே வரக் கூடாது. அப்புறம் அந்தக் குழந்தையின் அம்மாவிடம் குனிந்து, “பிள்ளையத் தூக்கிக்கிட்டு அந்தக் கடைசி மேஜைக்குப் போங்கம்மா. இலைய நாங்க கொண்டாந்து தாரோம்” என்றேன். அந்தம்மா என் முகத்தைப் பார்த்தார். ஏன் என்று கேட்காமல் எழுந்துவிட்டார். முத்துலட்சுமி ஓடி வந்து மறுபக்க மேஜையில் இருந்தவர்களை எழுப்பினார். அதில் ஒருவர், பாதிச் சாப்பாட்டில் எழுப்புகிறீர்களே, இதுதான் மரியாதையா என்று சத்தம் போட்டார். போடட்டும்.

மாஸ்டர் கல்லாவிலிருந்து வந்தார். வந்த வேகத்தில் என் கையில் இருந்த ஓஸ் பைப்பைப் பிடித்தார்.

“என்ன பண்றீங்க? கடை திறந்த அன்னைக்கே ஆள எழுப்பி விடுறீங்க? யாரு உங்களக் கூப்பிட்டது? மொதல்ல வெளிய போங்க!”

“போறேன் மாஸ்டர். தண்ணி இறங்கட்டும், போறேன். வந்து இதப் பாருங்க.”

“நான் எதையும் பாக்க வேண்டியதில்ல!”

ஹால் முழுக்க எங்களைத்தான் பார்த்தது. அப்போது நடு மேஜையிலிருந்து ஒரு குரல் வந்தது. வெள்ளைச் சட்டை, தோளில் மாஸ்டர் போர்த்திய சால்வை. அவர்தான் பழைய முதலாளி. இலையிலிருந்து கையை எடுக்காமல் சிரித்துக்கொண்டே கேட்டார்:

“என்ன அழகரு, மீன்தொட்டி கூடப் பழசுதானா?”

மாஸ்டரின் கை ஓஸ் பைப்பில் அப்படியே நின்றது. அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். அடித்தாலும் ஒரு மனுஷன் அப்படிச் சுருங்க மாட்டான்.

முந்தின நாளிலிருந்து எனக்குள் சேர்ந்திருந்தது எல்லாம் அப்போதுதான் வெடித்தது. “ஆமாங்கய்யா, பழசுதான்” என்றேன். “உடஞ்சத மறைச்சு வித்தவன் ஒருத்தன். அத நம்பி வாங்குனவரு இவரு. சிரிக்கணும்னா சிம்மக்கல்லுக்குப் போய் அந்த ஆளப் பாத்துச் சிரிங்க. இவரு கடையில சாப்பிட்டுக்கிட்டே இவரப் பாத்துச் சிரிக்காதீக.”

முதலாளி இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். எனக்கு அதில் ஒரு திருப்தியும் இல்லை. நான் பார்த்தது மாஸ்டரைத்தான். அவர் மெதுவாக ஸ்டூலில் ஏறினார். மூடிக்குள் எட்டிப் பார்த்தார். இழுபட்டு நிற்கும் சிலிகானை விரலால் தொட்டார். அது விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. இறங்கினார். என் கையிலிருந்து பைப்பை வாங்கினார்.

பிடுங்கி எறியப் போகிறார் என்று நினைத்தேன். ஒரு முனையைத் தொட்டிக்குள் விட்டார். மறுமுனையைத் தன் வாயில் வைத்து, புதுச் சட்டையும் வேட்டியுமாகத் தரையில் குத்தவைத்து, உறிஞ்சினார். வாய் நிறையத் தண்ணீர் வந்தது. பக்கத்தில் துப்பிவிட்டுப் பைப்பைக் கழுவும் இடத்துச் சாக்கடையில் விட்டார். தண்ணீர் இறங்க ஆரம்பித்தது. அவர் அந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. விருந்தாளிகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தண்ணீர் பாதிக்கு வரும் வரைக்கும் பைப்பைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். அதற்குள் முத்துலட்சுமி எழுப்பி விட்டவர்களுக்குப் புது இலை போட்டு, ஆளுக்கு ஒரு பரோட்டா கூட வைத்துச் சமாதானம் செய்துகொண்டிருந்தார்.

தொட்டி உடையவில்லை. அங்கேதான் எனக்கு வினை.

உடைந்திருந்தால் நான் சொன்னது சரி என்று ஊர் ஒத்துக்கொண்டிருக்கும். உடையாததனால், “ஒண்ணுமே ஆகல, அந்தம்மா வந்து கடை திறப்பையே கெடுத்துருச்சு” என்று பேச்சு கிளம்பியது. யாரோ போனில் எடுத்த வீடியோ வேறு சுற்றியது. அதில் நான் முதலாளியை ஏசுவது மட்டும்தான் இருந்தது. அந்தக் குழந்தையின் நெற்றி இல்லை. இந்த வேலையில் உங்களுக்கும் இது வரும். நடக்காமல் தடுத்ததற்குச் சாட்சி கிடையாது. அதற்குப் பாராட்டை எதிர்பார்த்து வேலை செய்தால் மனசு விட்டுப் போகும்.

பட்டிகளைக் கழற்றி மறுபடி முதலிலிருந்து ஒட்டினேன். இந்த முறை மாஸ்டர் பக்கத்திலேயே நின்று, கிளிப்பை அவரே இறுக்கினார். காய்ந்து முடியும்வரை பாதித் தண்ணீரோடு கடை நடந்தது. பிள்ளைகள் அப்போதும் மீனைத்தான் பார்த்தார்கள். தண்ணீர் எவ்வளவு என்று ஒரு பிள்ளையும் கேட்கவில்லை. பின்னர் நிரப்பினோம். அலுமினியச் சட்டத்தை வைத்துப் பார்த்தேன். முனைக்கு முனை ஒட்டி உட்கார்ந்தது.

அன்றே மாஸ்டர், “வாங்கக்கா, அந்த ஆளப் பாத்துட்டு வருவோம்” என்றார். அவர் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனேன். அடிதடி ஆகிவிடுமோ என்று பயம்தான். தொட்டி விற்றவர் கடைக்குப் பின்னால் இருந்த கிடங்கில் நின்றார். எங்களைப் பார்த்ததும், “வாங்கண்ணே, தொட்டி எப்படி ஓடுது?” என்று கேட்டார். அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாஸ்டர் குரலை உயர்த்தவே இல்லை.

“பழசுன்னு சொன்ன, சரி. பட்டி இல்லைன்னு சொன்னியா?”

“அண்ணே, பழசுன்னா முன்னப் பின்னத்தான் இருக்கும்…”

“பட்டி இல்லைன்னு சொன்னியா?”

விற்றவர் குனிந்து கீழே கிடந்த சாக்குகளை அடுக்க ஆரம்பித்தார். எனக்கு அங்கேதான் கண்ணில் பட்டது. வாசலில் குட்டியானை வண்டி நின்றது. அதில் ஏற்றுவதற்காக இன்னொரு பெரிய தொட்டியைச் சாக்கு சுற்றி வைத்திருந்தார்கள். சாக்கை விலக்கிப் பார்த்தேன். மேல் ஓரத்தில் அதே பிளேடுத் தடம். அதே வழவழப்பு.

“இது எங்க போகுது?” என்று வண்டி டிரைவரிடம் கேட்டேன். அவருக்கு ஒன்றும் தெரியாதே, உள்ளதைச் சொன்னார்: செல்லூர் பக்கம் ஒரு நர்சரி பள்ளிக்கூடம்.

“ஏத்தாதீங்க” என்றேன். விற்றவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். “அக்கா, நீங்களும் தொழில்ல இருக்கீங்க. நானும் இருக்கேன். நம்மள நாமே காட்டிக் குடுக்கலாமா? இதுக்கு மட்டும் பட்டி ஒட்டித் தாரேன், விடுங்க” என்றார். எந்தக் கண்ணாடியில் ஒட்டுவாய் என்று கேட்டேன். ஜன்னல் கண்ணாடி என்றார்.

அங்கிருந்து நேராக அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். பெரிய டீச்சரிடம் விஷயத்தைச் சொன்னேன். மாஸ்டர் தன் கடையில் நடந்ததைச் சொன்னார். தண்ணீரை நிரப்பியது தன் தப்பு என்பதையும் மறைக்காமல் சொன்னார். டீச்சர் அப்போதே விற்றவருக்குப் போன் போட்டு, தொட்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அடுத்த மாதம் நம் தொழில்காரர்கள் எல்லோரும் ஒரு டீக்கடை மாடியில் கூடினார்கள். என்னையும் வரச் சொன்னார்கள். விற்றவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். வியாபாரத்தைக் கெடுத்தேன், வாடிக்கையாளர் வீட்டு வாசலுக்கே போய்ச் சொன்னேன், தொழிலுக்குத் துரோகம் செய்தேன் என்று வரிசையாகச் சொன்னார்கள். நான் பல வருடம் கூடமாட வேலை பார்த்தவர்கள்தான். மேல்பட்டியை ஏன் ஒட்டவில்லை என்று ஒரே ஒரு ஆள்கூட அவரிடம் கேட்கவில்லை. கடைசியில் வயதில் மூத்தவர் ஒருவர், “சரி விடும்மா. ஒரு வார்த்தை மன்னிச்சுக்கோங்கன்னு சொல்லிரு. எல்லாம் முடிஞ்சு போகும்” என்றார்.

எழுந்து நின்றேன். அந்த ஆளைப் பார்த்தேன். ஒரு வார்த்தையும் சொல்லாமல் படியிறங்கி வந்துவிட்டேன். அதற்கப்புறம் எனக்கு வேலை சொல்லி விடுவதைப் பல பேர் நிறுத்தினார்கள். வேலை குறைந்தது உண்மைதான்.

அந்த மன்னிப்பை நான் இன்றுவரைக்கும் கேட்கவில்லை. நாளைக்கு உங்களையும் ஒரு மாடிக்குக் கூப்பிடுவார்கள், கையில் டீயைக் கொடுத்து அன்பாகத்தான் சொல்லுவார்கள். நீங்களும் கேட்காதீர்கள்.